கடைசி பஸ்ஸிலிருந்து தொடங்கும் பயணத் திட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைப் பயணம் பற்றித் தங்கள் பெங்களூரு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தவர்கள், இரண்டு வாரம் தென்னிந்தியாவைச் சுற்ற வாடகைக் காரை விட்டால் வேறு வழியில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள். ரயிலும் அரசு பஸ்ஸும் மட்டுமே கொண்டு, முதுகில் ஒரு பையோடு இந்தச் சுற்றைத் தாராளமாக முடிக்கலாம். ஆனால் திட்டமிடும் முறை வேறு. காரில் போகிறவர் ஊர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பாதையைப் பார்ப்பார். பொதுப் போக்குவரத்தை நம்பிப் போகிறவர், அந்த ஊருக்குக் கடைசி பஸ் எப்போது, மறுநாள் முதல் பஸ் எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் ஊரையே முடிவு செய்ய வேண்டும்.

பெரிய ஊர்களுக்கு இடையிலான தூரம் சிக்கலே இல்லை. ஒரு ரயில் போனால் இன்னொன்று வரும். பயணம் உடைவது கடைசி 20 கிலோமீட்டரில். சுப்ரமண்ய ரோடு ரயில் நிலையம் இருப்பது நெட்டணாவில். குக்கே கோயில் அங்கிருந்து 12 கிலோமீட்டர். கோகர்ணா ரோடு நிலையத்திலிருந்து ஊர் 10 கிலோமீட்டர். நடு இரவில் இறங்கினால் ஆட்டோக்காரர் சொன்னதுதான் விலை. குடகு மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. மைசூரிலிருந்து மடிகேரிக்கு 120 கிலோமீட்டரும் பஸ்தான்.

உட்கிராமங்களுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு சூட்சுமம் உண்டு. மாலையில் கடைசியாகப் போகும் பஸ் பெரும்பாலும் அந்த ஊரிலேயே இரவு தங்கி, விடியற்காலையில் முதல் பஸ்ஸாகத் திரும்பும். ‘நைட் ஹால்ட்’ பஸ் எது என்று பஸ் நிலைய நேரக் காப்பாளரிடம் ஒரே கேள்வி கேட்டால் இரண்டு நேரமும் தெரிந்துவிடும். பள்ளி விடுமுறையில் சில நடைகளைக் குறைப்பார்கள், ஆள் பற்றாக்குறை என்றால் முதலில் நிற்பதும் இந்த மாதிரி நடைதான். அதனால் முந்தின நாள் கேட்ட நேரத்தை அன்று காலையிலும் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். கைப்பேசி வரைபடம் இதையெல்லாம் காட்டாது. முன்பதிவுச் செயலிகளில் வருவது முன்பதிவு உள்ள பஸ்கள் மட்டுமே. தென் கன்னடத்திலும் மலபாரிலும் ஊருக்கு ஊர் ஓடும் தனியார் சர்வீஸ் பஸ்களில் பெரும்பாலானவை எந்த இணையதளத்திலும் இல்லை. கே.எஸ்.ஆர்.டி.சி. என்று தேடினால் கர்நாடகத்தின் அரசுப் போக்குவரத்துக் கழகமும் வரும், கேரளத்தின் கழகமும் வரும். எந்த மாநிலத் தளத்தில் இருக்கிறோம் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

காட்டுச் சாலைகளைக் கணக்கில் எடுக்காமல் போட்ட திட்டம் நிச்சயம் இடிக்கும். குண்டல்பேட்டையிலிருந்து சுல்தான் பத்தேரிக்கும் கூடலூருக்கும் பந்திப்பூர் வழியாகப் போகும் சாலைகள் இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். விதிவிலக்குப் பெற்ற அரசு பஸ்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மைசூரிலிருந்து எச்.டி.கோட்டை, பாவலி வழியாக மானந்தவாடி போகும் நாகரஹொளே சாலை மாலை 6 மணிக்கே அடைபடும். சாமராஜநகர் – சத்தியமங்கலம் இடையே திம்பம் மலைப்பாதையிலும் இரவுத் தடை உண்டு. ஆகவே வயநாட்டிலிருந்தோ நீலகிரியிலிருந்தோ மைசூர் திரும்புகிறவர் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு பஸ் ஏறிவிட வேண்டும். காரில் போகிறவருக்கு இல்லாத சௌகரியம் ஒன்றும் இங்கே உண்டு: ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம், அரசு பஸ்ஸில் போனால் தேவையில்லை.

இனி ரயில். இங்கே நம்மில் பலர் பயன்படுத்தாமல் விட்டுவைத்திருக்கும் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்: வட்டப் பயணச் சீட்டு, அதாவது சர்க்குலர் ஜர்னி டிக்கெட். புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பி வரும் முழுப் பயணத்துக்கும் சேர்த்து ரயில்வே தரும் ஒற்றை டிக்கெட் இது. வழியில் அதிகபட்சம் எட்டு இடங்களில் இறங்கித் தங்கலாம். ரயில் கட்டணம் தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்குக் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் துண்டு துண்டாக எடுத்த டிக்கெட்டுகளின் மொத்தம் எகிறுகிறது. வட்டச் சீட்டில் மொத்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு நெடுந்தூரப் பயணங்களாகக் கட்டணம் போடுவார்கள்.

உதாரணத்துக்குப் பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகச் சேலம், திண்டுக்கல், மதுரை, நாகர்கோவில், திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோழிக்கோடு, மங்களூரு, அங்கிருந்து ஹாசன் வழியாகத் திரும்பல் என்று ஒரு வட்டம். மொத்தம் 1,700 கிலோமீட்டர் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், 850 கிலோமீட்டருக்கான கட்டணம் இரண்டு முறை. செல்லுபடி நாட்கள்: பயணத்துக்கு 400 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் 5, தங்கலுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் 9, ஆக 14 நாள். மிச்சத் தூரத்தையும் முழு நாளாகவே எடுத்துக்கொள்வார்கள். மேலே சொன்ன எட்டு ஊரோடு தங்கல் எண்ணிக்கை தீர்ந்துவிட்டது. சக்லேஷ்பூரிலும் இறங்க வேண்டுமென்றால் ஒன்றை வெட்ட வேண்டும். என் யோசனை, சேலத்தை வெட்டலாம். கன்னியாகுமரி தண்டவாளம் முடியும் இடம், போன வழியே திரும்ப வேண்டும். அதை வட்டத்தில் சேர்க்காமல் நாகர்கோவிலில் இறங்கி டவுன் பஸ்ஸில் போய்வருவது எளிது. கொடைக்கானல், வயநாடு போன்றவற்றையும் இப்படித் தங்கல் ஊரிலிருந்து பஸ்ஸில் பார்த்துவிட்டு அதே ஊருக்குத் திரும்பி ரயிலைப் பிடிக்க வேண்டும்.

வாங்கும் முறைதான் பலரைத் துரத்துகிறது. இது இணையத்தில் கிடைக்காது. முதலில் தேதி, தங்கும் நிலையங்கள், வகுப்பு எல்லாம் எழுதிய பயண நிரலோடு புறப்படும் நிலையம் எந்தக் கோட்டத்தில் வருகிறதோ அதன் கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்தையோ, பெரிய நிலையமானால் நிலைய மேலாளரையோ அணுக வேண்டும். அவர்கள் கட்டணத்தைக் கணக்கிட்டு ஒரு படிவம் தருவார்கள். அதைக் காட்டிப் புறப்படும் நிலையத்தின் டிக்கெட் கவுண்டரில் சீட்டு வாங்கி, பிறகு முன்பதிவு மையத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் படுக்கை பதிவு செய்ய வேண்டும். முன்பதிவுக் கட்டணமும் அதிவிரைவு ரயிலுக்கான கூடுதல் கட்டணமும் தனி.

தவறு நடக்கும் இடம் தேதிக் கணக்கு. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பதினான்கு நாள் பயணத்தின் முதல் கட்டத்துக்கு அறுபதாவது நாளில் பதிவு திறக்கும்போது, கடைசிக் கட்டத்துக்கு இன்னும் திறந்திருக்காது. எல்லாக் கட்டத்தையும் ஒரே மூச்சில் பதிவு செய்யப் புறப்படுவதற்கு 45 நாள் முன்பு போக வேண்டும். அதற்குள் ஓணம், தசரா, தீபாவளி, சபரிமலைப் பருவம் என்றால் இரவு ரயில்கள் நிரம்பியிருக்கும். எனவே வட்டச் சீட்டு கூட்டமில்லாத மாதங்களுக்கு உகந்தது. பண்டிகைக் காலத்தில் லாபத்தை மறந்து, நீண்ட இரவுக் கட்டங்களை மட்டும் காலை 8 மணிக்குப் பதிவு திறந்ததும் தனித்தனியே எடுத்துவிடுவதே மேல்.

காத்திருப்போர் பட்டியலை நம்பி நீண்ட பயணம் போடாதீர்கள். 2025 மே முதல் காத்திருப்புச் சீட்டோடு படுக்கை வசதிப் பெட்டியில் ஏறுவதற்கு அடியோடு தடை. அதிலும் பட்டியலின் வகை முக்கியம். ரயில் புறப்படும் ஊரிலிருந்து எடுக்கும் பொதுப் பட்டியல் நகரும். நடுவழி ஊர்களுக்கான, டிக்கெட்டில் ஆர்.எல்., பி.க்யூ. என்று தொடங்கும் குறியீடுள்ள பட்டியல்கள் அவ்வளவு எளிதில் நகராது. மதுரையிலிருந்து நாகர்கோவில் போன்ற நடுத் துண்டுகளில் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள். அந்த மாதிரிப் பகல் துண்டுகளுக்கு முன்பதிவே வேண்டாம். 200 கிலோமீட்டருக்கு மேல் என்றால் முன்பதிவில்லாச் சீட்டை மூன்று நாள் முன்பே வாங்கலாம். அதற்குக் கீழ் என்றால் அன்றே எடுத்து மூன்று மணி நேரத்துக்குள் கிளம்ப வேண்டும். அல்லது பஸ்ஸில் போய்விடலாம்.

தட்கலை, அதாவது அவசர முன்பதிவை, கடைசி நேரத் தூணாக நினைப்பவர்கள் குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்றதற்கு 11 மணிக்கும் பதிவு திறப்பதை நினைவில் வைப்பதோடு, இணையக் கணக்கில் ஆதார் சரிபார்ப்பையும் வீட்டிலிருக்கும்போதே முடித்துக்கொள்ள வேண்டும். மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் ஓ.டி.பி.க்காகக் காத்திருப்பது வீண் வேலை.

ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரண்டு டிக்கெட்டுகளையும் இணைத்துப் பதிவு செய்தால், முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் பணம் திரும்பக் கிடைக்கும். பணம்தான் கிடைக்கும், அடுத்த ரயிலில் இடம் கிடைக்காது. மாறும் ஊரில் நிலையம் ஒன்றா என்றும் பாருங்கள். மும்பைக்கும் கேரளத்துக்கும் இடையே ஓடும் கொங்கண் ரயில்கள் பெரும்பாலும் மங்களூரு ஜங்ஷனோடு சரி, ஊருக்குள் இருக்கும் சென்ட்ரலுக்கு வராது. எர்ணாகுளத்தில் டவுன், ஜங்ஷன் என இரண்டு. மதுரையில் நாகர்கோவில் பஸ் மாட்டுத்தாவணியில், தேனி பஸ் ஆரப்பாளையத்தில். நம் ஊரிலும் இதே கதைதான்: பல நெடுந்தூர ரயில்கள் இப்போது மெஜஸ்டிக்கிலுள்ள நகர நிலையத்தில் இல்லை, பையப்பனஹள்ளி விஸ்வேஸ்வரய்யா முனையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. பையப்பனஹள்ளி மெட்ரோவில் இறங்கினால் முனையம் பக்கத்தில் என்று நம்பிப் பெரிய பையோடு நடப்பவர்கள் வியர்த்துப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ காலை 7 மணிக்குத்தான் தொடங்கும் என்பதால் அன்று விடியற்காலை ரயிலுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

மழைக்காலத்தில் சக்லேஷ்பூர் – சுப்ரமண்ய ரோடு இடையேயான 55 கிலோமீட்டர் மலைத்தடத்தில் மண் சரிந்து ரயில் நிற்பது வழக்கம். ரயில் இல்லாவிட்டால் பஸ் என்று நினைக்க வேண்டாம். சிராடி காட் சாலையும் அதே மழையில் அதே மலையில்தான் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மங்களூருக்கும் பெங்களூருக்கும் நடுவே ஒரு நாளைக் காலியாக விடுங்கள். வட்டத்தைக் கோவா வரை நீட்டுகிறவர்கள், கொங்கண் தடத்தில் ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் வரை வேகம் குறைத்த தனிக் கால அட்டவணை நடப்பில் இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

பை 45 லிட்டர் போதும், எடை 9 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சாதாரண பஸ்ஸின் மேல் தட்டில் ஏறாது, மடியில்தான். ரயில் நிலையப் பொருள் காப்பறையில் பூட்டிய பையை மட்டுமே வாங்குவார்கள், டிக்கெட்டும் காட்ட வேண்டும். வாய்ப்பகுதியைக் கயிற்றால் இழுத்துக் கட்டும் மலையேற்றப் பைகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு ஜிப்பையும் சேர்த்துப் பூட்டக்கூடிய பையாக வாங்குங்கள். அதே பூட்டும் ஒரு சங்கிலியும் இரவில் கீழ்ப் படுக்கைக்கு அடியிலுள்ள கம்பி வளையத்துக்குப் பயன்படும்.

கர்நாடக முகவரியோடு அடையாள அட்டை உள்ள பெண்களுக்கு மாநிலத்துக்குள் சாதாரண அரசு பஸ்களில் சக்தி திட்டப்படி கட்டணமில்லை. ராஜஹம்சா, ஐராவத் போன்ற சொகுசு பஸ்களுக்கும் வெளிமாநில பஸ்களுக்கும் அது செல்லாது. மடிகேரியும் மங்களூரும் இதில் அடங்கும் என்பதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். சில்லறை இல்லையென்றால் கண்டக்டர் மீதியை டிக்கெட்டின் பின்புறம் எழுதித் தருவார். தூங்கிப்போய் அவசரமாக இறங்கினால் அந்தப் பணம் போனதுதான். இன்னொன்று: இங்கேயே பிறந்து வளர்ந்து சரளமாகக் கன்னடம் பேசும் நம்மவர்களில் பலருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. கிராமத்து பஸ்ஸின் பலகை கன்னடத்தில் மட்டுமே இருக்கும், தட எண்ணும் சில இடங்களில் கன்னட எண்ணில்தான். பத்து எண்களையும் போகும் ஊர்களின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில்வேக்கு ஒரு வேண்டுகோள். வட்டப் பயணச் சீட்டின் விதிகளையும் மாதிரிப் பயண நிரலையும் பெங்களூரின் முன்பதிவு மையங்களில் கன்னடத்திலும் தமிழிலும் ஒட்டி வைக்கலாம். தங்கள் நாளிதழுக்கும் ஒன்று: பண்டிகைச் சிறப்பு ரயில்களின் பட்டியலை வெளியிடுவதுபோல, மழைக்காலத்தில் மூடப்படும் மலைத்தடங்களையும் காட்டுச் சாலைகளின் நேரத் தடைகளையும் ஜூன் முதல் வாரம் கட்டம் கட்டி வெளியிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு.