மெதெயீன் விடுதிக்காரர்களுக்கு: அந்தச் சுற்றுலாவைப் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள்

கொலம்பியாவின் மெதெயீன் நகரில் எல் பொப்லாதோ, லவுரேலெஸ் பகுதிகளில் பயணியர் விடுதி நடத்தும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். முதுகுப்பையோடு உங்கள் ஊரில் வந்திறங்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். படுக்கை சுத்தம், காபி அருமை, உபசரிப்பில் குறையே இல்லை. என் குறையெல்லாம் உங்கள் அறிவிப்புப் பலகை மீதுதான். நான் தங்கிய விடுதியில் பலகையின் உச்சியில் இருந்தது போதைப்பொருள் கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபாரின் பெயரில் ஒரு சுற்றுலா. அவனுடைய கல்லறை, அவன் சுட்டுக் கொல்லப்பட்ட இடம், கூடவே ‘எல்லோரும் விரும்புவது’ என்று ஒரு நட்சத்திரக் குறி. வன்முறையில் பலியானவர்களுக்கான நினைவு இல்ல அருங்காட்சியகத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த தம்பி கைபேசியில் தேடித்தான் சொன்னார்.

அவன் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1989 நவம்பர் 27 அன்று அவியாங்கா விமானத்தில் வெடித்த குண்டுக்கு அதில் இருந்த 107 பேரும் பலியானதையும், காவலர் தலைக்கு இவ்வளவு என்று அவன் விலை வைத்ததையும் உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அவன் குடும்பம் வாழ்ந்த மொனாகோ கட்டடத்தை 2019 பிப்ரவரியில் நகர நிர்வாகம் வெடிவைத்துத் தகர்த்து, பலியானவர்களுக்கு அங்கே நினைவுப் பூங்கா அமைத்தது. அந்த இடத்தைக்கூடச் சுற்றுலா வேன்கள் விட்டுவைக்கவில்லை.

என்னை எழுத வைத்தது கொமுனா 13 என்ற மலைச்சரிவுக் குடியிருப்பு. 2011 இறுதியில் திறக்கப்பட்ட நகரும் படிக்கட்டுகளின் ஓரத்தில் ஒரு பெண்மணி பழச்சாறு விற்கிறார். பக்கத்துக் கடை முழுவதும் எஸ்கோபார் முகம் போட்ட சட்டைகள். எங்கள் குழுவில் ஒருவர் சாற்றை வாங்கிக்கொண்டே, “அவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா?” என்று அந்த அம்மாளிடம் கேட்டார். ஒவ்வொரு குழுவிலும் யாராவது இப்படிக் கேட்பார்கள் போலிருக்கிறது. அவர் கோபப்படவில்லை. எதிர்ச் சரிவில் தெரிந்த லா எஸ்கொம்ப்ரேராவை, கட்டட இடிபாடுகளைக் கொட்டும் அந்த மேட்டைக் காட்டினார். அவருடைய தம்பியை 2002இல் கொண்டுபோனார்களாம். எஸ்கோபார் செத்தது 1993இல். அந்த மலைச்சரிவில் ராணுவமும் காவல்துறையும், கூடவே சட்டவிரோதத் துணைப்படைக் குழுவினரும், கிளர்ச்சிக் குழுக்களை விரட்டும் ‘ஓரியோன்’ நடவடிக்கை என்ற பெயரில் இறங்கியது அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து. எங்கள் வழிகாட்டியோ இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்து ‘பாப்லோ காலத்துக் கொடுமை’ என்று முடித்துவிட்டார்.

காணாமல் போனவர்கள் அந்த மேட்டுக்குள்தான் கிடக்கிறார்கள் என்று தாய்மார்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவந்தார்கள். 2024 டிசம்பரில்தான் அங்கிருந்து முதல் எலும்புகள் கிடைத்தன. ‘தாய்மார்கள் சொன்னது சரிதான்’ என்று அடுத்த மாதம் இளைஞர்கள் சுவரில் எழுதினார்கள். நகர நிர்வாகம் பெயின்ட் அடித்து மறைத்தது. சட்டையில் இருக்கும் முகத்தை மறைக்க மட்டும் எவருக்கும் பெயின்ட் கிடைக்கவில்லை. தம்பியைத் தேடும் அக்காள் நாள் முழுவதும் அந்த முகத்துக்குப் பக்கத்தில் நின்று சாறு பிழிகிறார். ஏனென்றால் கூட்டம் அங்கேதான் நிற்கிறது. அந்தக் கூட்டத்தை ‘பாப்லோ ஊர்’ என்ற நினைப்போடு காலையில் அனுப்பிவைப்பது உங்கள் பலகை.

பயணிகள் கேட்கிறார்களே என்பீர்கள். அவர்கள் கொகெய்னும்தான் கேட்கிறார்கள். அதற்கு ‘இங்கே கூடாது’ என்று எழுதி மாட்டத் தெரிந்திருக்கிறதே! எஸ்கோபார் நினைவுப் பொருள்களைத் தடை செய்ய 2024இல் நாடாளுமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. பலகையைத் துடைக்க எந்த மசோதாவும் தேவையில்லை.

எழுத உட்கார்ந்ததும் மற்றவையும் வரிசையில் வந்து நிற்கின்றன: ‘இலவச’ நடைச்சுற்றின் முடிவில் நீளும் தொப்பி, மொட்டை மாடியில் விடியும்வரை அதிரும் ஒலிபெருக்கி, ‘உள்ளூர் அனுபவம்’ என்ற பெயரில் உள்ளூர்க்காரர் ஒருவர்கூட இல்லாத விருந்து. அதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். அந்தச் சுற்றுலாவை எடுத்துவிடுங்கள்.

பார்க்க வேறு இடமா இல்லை? சான் அந்தோனியோ பூங்காவில் 1995இல் குண்டுவெடிப்பில் சிதைந்த பறவைச் சிற்பத்தை அப்படியே இருக்கவிட்டு, பக்கத்திலேயே முழுப் பறவை ஒன்றையும் நிறுத்தினார் அதைச் செய்த சிற்பி பொத்தேரோ. மெட்ரோவில் ஏறினால் போய்விடலாம், வேன் வேண்டாம்.

ஆகவே அன்புகூர்ந்து எடுத்துவிடுங்கள். காலியாகும் இடத்தில் நினைவு இல்ல அருங்காட்சியகம் திறந்திருக்கும் நேரத்தை எழுதிவையுங்கள். நுழைவு இலவசம் என்பதால் உங்களுக்குத் தரகு எதுவும் கிடைக்காது. தெரிந்துதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் விருந்தாளிகளில் ஒருவன்