ஆத்தா நடக்கிறாள்

தம்பி,

உன் ஆத்தாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றி இன்றோடு பன்னிரண்டு நாள். மதுரையில் காலையில் ஆபரேஷன், அன்று சாயங்காலமே வாக்கரைக் கொடுத்து நாலு அடி நடக்க வைத்தார்கள், மூன்றாம் நாள் காரைக்குடிக்கு வந்துவிட்டோம். படம் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது. வேலை அதிகமாக இருக்கும், சரி. நேரத்துக்குச் சாப்பிடு.

நீ அனுப்பிய பணம், அதனால் கணக்கைச் சொல்கிறேன். முன்பு ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் அரசாங்கம் 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டது, வரி தனி. அதற்கப்புறமும் பில் ஏறுவது ரூம் வாடகையில்தான். முதுகில் ஊசி போட்டு மரக்க வைத்து, ரத்தம் அதிகம் போகாமல் மருந்து கொடுத்து, சீக்கிரம் எழுப்பிவிட்டால் காலில் ரத்தம் கட்டும் பயமும் குறைவு, படுக்கை நாளும் குறைவு. டென்மார்க்கில் கெலெட் என்ற டாக்டர் 1990களில் தொடங்கிய வழி இது. நீ விசாரித்துச் சொன்னதால்தான் இந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம், அதை எல்லாரிடமும் சொல்கிறேன்.

ஆனால் தம்பி, இந்த மிச்சமெல்லாம் ஆஸ்பத்திரிக் கணக்கில்தான். நர்ஸ் பார்த்த வேலை வீட்டுக்கு வந்துவிட்டது. ஐஸ் ஒத்தடம், ராத்திரி இரண்டு தடவை பாத்ரூம், பிசியோதெரபிக்காரர் வந்தால் பக்கத்தில் ஆள். இதெல்லாம் எந்த பில்லிலும் வராது. கட்டிலைக் கீழே கூடத்துப் பட்டாலைக்கு இறக்கிவிட்டேன். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் வாக்கர் வழுக்குகிறது, அதனால் அவள் எழுவதற்கு முன் நான் துண்டோடு குனிந்து துடைத்துக்கொண்டே போகிறேன். நீ ஒரு வாரம் வந்திருக்கலாம்.

இதை எழுத எனக்கு வாய் கிடையாது. என்னைப் பெற்றவள், உன் அப்பத்தா, இடுப்பு முறிந்து இதே பட்டாலையில் ஏழு மாதம் கிடந்தபோது நான் பினாங்கில் இருந்தேன், மாதாமாதம் பணம் அனுப்பினேன், டிக்கெட் காசு வீண் என்று ஒரு தடவைகூட வரவில்லை. முதுகு முழுக்கப் புண்ணாகிவிட்டது. துடைத்து மருந்து வைத்தது உன் ஆத்தாதான். அவள் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நேற்று 90 டிகிரி மடக்கினாள். நேரத்துக்குச் சாப்பிடு. மிச்சப் பணத்தை உன் கணக்கிலேயே போட்டிருக்கிறேன். அங்கே ஆள் குறைக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். கையில் இருக்கட்டும். ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு, பட்டாலையில்தான் படுக்கிறேன்.

அப்பச்சி