நூறு பேருக்கு ஒரு ரோட்டவேட்டர்

ஆசிரியருக்கு,

2017-18இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 100 சிறு, குறு விவசாயிகள் சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் குழுவுக்குக் கருவிகள் வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி தரப்பட்டது. நல்ல திட்டம்தான். கோளாறு ஆள் சேர்ப்பதில் இருக்கிறது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் ஒரே மடைக்குக் (பாசன மதகுக்குக்) கீழுள்ளவர்களையே குழுவாக்கினால், கார் நெல் பருவத்துக்குத் தண்ணீர் திறந்ததும் அத்தனை பேருக்கும் அதே பத்து நாளில் உழவு. ஏக்கருக்கு இரண்டு மணி நேரம் என்றாலும் ரோட்டவேட்டர் (டிராக்டரில் மாட்டும் சுழல் கலப்பை) நாளுக்கு ஐந்து ஏக்கர் தாண்டாது. பத்து நாளில் ஐம்பது ஏக்கர். மிச்சப் பேர் வெளி வாடகைக்குத்தான் ஓட வேண்டும். தலைமடை, கடைமடை இரண்டையும் கலந்து சேர்த்தால், தண்ணீர் போய்ச் சேரும் இடைவெளியில் கருவி கைமாறும்.

நடவு எந்திரம் கேட்கும் குழுக்கள் முதலில் பாய் நாற்றங்காலை (பாய்போலச் சுருட்டி எடுக்கும் நாற்று வளர்ப்பை) பழகட்டும். பிடுங்கிக் கட்டிய 25 நாள் நாற்று அதில் ஓடாது. பாயாகச் சுருட்ட வருகிற 15 நாள் நாற்று வேண்டும். தட்டு, பாலித்தீன் செலவை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

வாடகையில் ஒரு பங்கைக் கத்திக்கும் கியர் ஆயிலுக்கும் தனியே ஒதுக்காவிட்டால், அடுத்த நெல் பருவமான பிசானத்தில் ரோட்டவேட்டர் கொட்டகையில்தான் நிற்கும். யாருக்கு எந்த நாள் கருவி என்ற முறைப்பட்டியலை மே மாதமே சுவரில் ஒட்டினால்தான் அடுத்த கருவி என்று வேளாண்மைத் துறை கறாராகச் சொல்லலாம்.

– ஒரு விவசாயி, வீரவநல்லூர்