ஏற்காட்டில் வண்டி ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சேலம் அஸ்தம்பட்டியில் இருந்து எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் மேலே கூட்டிக்கொண்டு போவது எங்கள் வீட்டில் என் வேலை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் நீங்கள் ஓட்டும் நிதானத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்ல வந்தது மேலே போன பிறகு வரும் ஒரே ஒரு ‘பாயிண்ட்’, சேர்வராயன் கோயில் பற்றி.

போன தடவை மதுரையில் இருந்து வந்த அத்தை குடும்பத்தோடு வாடகை வேனில் போனோம். லேடீஸ் சீட் காட்சி முனையில் அரை மணி நேரம். பகோடா பாயிண்டில் முக்கால் மணி நேரம், மிளகாய் பஜ்ஜியையும் சேர்த்து. சேர்வராயன் கோயிலுக்கு வந்ததும் ஓட்டுநர் தம்பி சொன்னார்: “பத்து நிமிஷம் சார். சின்னக் குகைதான், உள்ள ஒண்ணும் இல்ல.”

அந்த மலைக்குப் பெயர் கொடுத்த சாமி சார் அவர்! சேர்வராயன் மலை என்பதைத்தான் வெள்ளைக்காரர்கள் ஷெவராய் என்று எழுதி வைத்தார்கள். நாம் நின்றுகொண்டிருந்தது 5,326 அடி உயரத்தில்.

அத்தை மீனாட்சியம்மன் கோயிலைப் பார்த்தே வளர்ந்தவர். கோயில் என்றால் கோபுரம், பிரகாரம், தெப்பக்குளம். இங்கே அதில் ஒன்றும் கிடையாது. பாறைக்குள் ஒரு வாய், அவ்வளவுதான். குனிந்துதான் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நிமிர்ந்தபடி நுழைந்தார், நெற்றி பாறையில் இடித்தது. வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு இருட்டு பழகச் சிறிது நேரம் வேண்டும், அதையும் யாரும் சொல்லவில்லை. பின்னால் வந்த அத்தை பேரன் செல்போன் டார்ச்சைப் போட்டு வீடியோ எடுக்க ஆரம்பித்தான். முன்னால் கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்த மலைக்காரப் பாட்டி ஒருவர் முகத்தில் அந்த வெளிச்சம் போய் விழுந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

வெளியே வந்து பையன் கேட்டான், “மலையாளிங்க கோயில்னு போட்டிருக்கே, கேரளாக்காரங்களா?” தம்பியும் சிரித்துக்கொண்டே “ஆமா” என்றார்! மலையில் வாழ்பவர்கள் என்பதால் மலையாளிகள்; பேசுவது தமிழ். காஞ்சிபுரத்தில் இருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்ட மலை ஊர்களில் இருந்தெல்லாம் வருவார்கள். உங்களில் சிலருக்கே அது சொந்தச் சாமியாக இருக்கும், நான் சொல்லவா வேண்டும்.

உள்ளே சேர்வராயனோடு காவேரி அம்மனும் இருக்கிறார். அவர் மலை, அவள் ஆறு. குகை அப்படியே காவிரி வரைக்கும் போகிறது என்று ஊரில் சொல்வார்கள். போகிறதோ இல்லையோ, மேட்டூரில் தேங்கும் அந்தத் தண்ணீரை நம்பி வாழ்கிற ஊர்க்காரனுக்கு இந்த ஜோடி சட்டென்று மனசில் ஒட்டிக்கொள்கிறது. இதைச் சொன்னபோது அத்தை நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, “உள்ளே போறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா நல்லாக் கும்பிட்டிருப்பேனே” என்றார்.

அதுதான் நான் கேட்பதும். வண்டி நிற்பதற்கு முன் இரண்டே நிமிடம் பேசுங்கள். குனிந்து போங்க, போனை அணைச்சிருங்க, கும்பிடுறவங்களுக்கு வழி விடுங்க, இது மலைக்காரங்க குலசாமி மாதிரி. மீதிக் கதை உங்கள் விருப்பம். என்னைவிட உங்களுக்கு நன்றாகவே சொல்ல வரும். அப்புறம், பத்து நிமிடத்தை அரை மணி ஆக்குங்கள். வெளியே அந்தப் புல்வெளியில் காற்று ஆளைத் தள்ளும். அங்கே உட்கார்ந்திருந்த அத்தையை ஹாரன் அடித்துத்தான் எழுப்பினார் தம்பி.

உங்களுக்கு நேரம்தான் காசு, தெரியும். ரோஸ் கார்டனில் பத்து நிமிடத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் (பூ பிடித்தவர்கள் மன்னிக்க).

அத்தை பொங்கல் முடிந்து மறுபடி வருகிறேன் என்றிருக்கிறார், கோயிலுக்காக மட்டும். அதே தம்பியைத்தான் கூப்பிடுவேன். காத்திருப்புக் கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
அஸ்தம்பட்டிக்காரன்