மரிமாரின் பாட்டைத் திருப்பித் தாருங்கள்

பழைய மெக்சிகோ தொடர்களை இணையத்தில் ஓட்டிவரும் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் 'மரிமார்' தொடரை உங்கள் தளத்தில் மறுபடி ஏற்றினீர்கள். சந்தா கட்டி ஆசையாகத் திறந்தோம். டைட்டில் பாட்டு இல்லை. எந்த எபிசோடிலும் இல்லை. எழுதிக் கேட்டதற்கு, பார்வையாளர்களின் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. எந்தப் பார்வையாளர் அப்படிக் கேட்டார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மரிமாராக நடித்த மெக்சிகோ பாடகி, நடிகை தாலியா யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1986இல் டிம்பிரிச்சே பாடகர் குழுவில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 'கின்சியானேரா' தொடரில் நடித்தார். அதன் டைட்டில் பாட்டைப் பாடியதும் அந்தக் குழுதான். அவருக்குப் பாட்டும் நடிப்பும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வந்தவை. பிறகு 1992இல் 'மரியா மெர்சிடிஸ்', 1994இல் 'மரிமார்', 1995இல் 'மரியா லா டெல் பாரியோ'. மூன்றிலும் கதாநாயகி அவர், டைட்டில் பாட்டும் அவர் குரல். தெருவில் லாட்டரிச் சீட்டு விற்பவள், கடற்கரைக் குடிசையில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவள், குப்பை பொறுக்கிப் பிழைப்பவள். ஒவ்வொருத்தியும் கதை தொடங்குமுன் வந்து, தன் பெயரைச் சொல்லி, தான் யாரென்று தலைநிமிர்ந்து பாடுவாள்.

சேற்றில் கிடக்கும் காப்பை மரிமார் பல்லால் கவ்வி எடுக்கவேண்டி வருகிற காட்சி உங்களுக்குத் தெரியும். பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி அவமானப்படுகிறவள், கொஞ்ச நேரம் முன்புதான் நான் கடற்கரைப் பெண் என்று நம்மிடம் பெருமையாகப் பாடியிருக்கிறாள். அதனால்தான் அந்தக் காட்சி அப்படி வலிக்கிறது. பாட்டை எடுத்துவிட்டீர்கள்; அவமானத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறீர்கள்.

நான் வளைகுடா நாடொன்றில் நர்ஸ். என் அறைத்தோழி பிலிப்பைன்ஸ்காரர். 1996இல் 'மரிமார்' அவர்கள் ஊர் மொழியான தாகலோக்கில் டப்பிங் செய்யப்பட்டு அங்கே ஓடியபோது அவர் சின்னப் பிள்ளை. அந்த ஆண்டு தாலியா மணிலாவுக்கு வந்தபோது கூடிய கூட்டத்தைப் பற்றி இன்றும் சொல்வார். அடுத்த ஆண்டு தாலியா தாகலோக் பாடல்களோடு ஓர் ஆல்பமே வெளியிட்டார். டப்பிங்கில் மரிமார் பேசுவது வேறொருவர் குரல். தாலியாவின் சொந்தக் குரல் கேட்பது பாட்டில் மட்டும்தான்! அதை நீங்கள் வெட்டியபோது அவரையே வெட்டிவிட்டீர்கள்.

என் தோழி நைட் ஷிப்ட் முடிந்து வந்து, ஊரில் இருக்கும் அக்காவை வீடியோ காலில் கூப்பிட்டு, இருவருமாகப் பாடக் காத்திருந்தார்கள். நேரே ஒரு வசனத்தில் படம் தொடங்கியது. அவர்கள் திரும்பத் திரும்பப் பின்னால் தள்ளித் தேடியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எந்த நேரத்தை அவர்களுக்கு மிச்சப்படுத்தினீர்கள்?

பாட்டோடு பெயர்களும் போய்விட்டன. மூலக்கதை எழுதிய இனெஸ் ரோடேனா, தயாரித்த வாலந்தின் பிம்ஸ்டெய்ன் ஆகியோர் பெயர்கள் உங்கள் தளத்தில் எங்கும் இல்லை. இது உங்கள் தளத்தில் மட்டும் நடப்பதல்ல. இப்போது எங்கு பார்த்தாலும் கடைசிப் பெயர்ப்பட்டியலை மூலையில் சுருக்கிவிட்டு அடுத்த எபிசோடைத் தள்ளுகிறார்கள். உழைத்தவர் பெயரைப் படிக்கவிடாமல் செய்வதற்கு வசதி என்று பெயர் வைத்தால் எப்படி ஏற்பது?

கோபத்தில் எழுதுகிறேன், உண்மைதான். ஆனாலும் பணிவாகவே கேட்கிறேன்: டைட்டில் பாட்டைத் திரும்பச் சேருங்கள். வேண்டாதவர்கள் தாண்டிப் போக ஒரு பட்டன் வைத்தால் போதும். இசை உரிமையில் சிக்கல் இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வோம். மற்ற இரண்டு தொடர்களையும் ஏற்றப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அவற்றையாவது பாட்டோடும் பெயர்களோடும் முழுசாக ஏற்றுங்கள். இந்த முறை, ஒருவர் படித்துப் பார்த்து எழுதிய பதிலை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்