ஒண்ட வந்த வைரம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறு சாக்கு இல்லை. முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் முனகுகிறது.

போன வாரம் அலமாரியை ஒழித்தபோது நம் கல்லூரிக் காலத்துச் சிலைடுப் பெட்டி கிடைத்தது, மெல்லிசாகச் சீவிய பாறைத் துண்டுகளைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருப்போமே, அதுதான். பாதி லேபிள்களைப் பூச்சி தின்றுவிட்டது. தப்பியவற்றில் ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்த 'லூசைட் ஹில்ஸ், வயோமிங்'. அன்று ராத்திரியே பழைய மைக்ராஸ்கோப்பைத் துடைத்து வைத்துப் பார்த்தேன். உன் பேத்தி கேட்ட கேள்விக்கு அதிலேயே பாதி பதில் இருந்தது.

"வைரம் எரிமலைக்குள் வெந்து உருவாகிறதா?" என்று கேட்டாளாம். இல்லை. எரிமலைக் குழம்பு அதைத் தூக்கி வந்தது, அவ்வளவுதான். வைரம் உருவானது பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் கவசம் என்ற அடுக்கில், ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கும் கீழே. அதுவும் அந்தக் குழம்பு பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு. ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் குழாயை, அதாவது குழம்பு மேலே வந்த பாதையில் பாறை இறுகி நிற்கும் இடத்தை, எடுத்துக்கொள். அங்கே கிடைத்த வைரங்களுக்கு வயது சுமார் 158 கோடி ஆண்டு. அவற்றைத் தூக்கி வந்த குழம்பு இறுகிய பாறைக்கு 120 கோடி என்றார்கள், 2023-ல் வந்த ஆய்வு 130 கோடி என்கிறது. எப்படிப் பார்த்தாலும் வைரம்தான் மூத்தது. குழம்பு மெதுவாக ஏறியிருந்தால் அது கிராஃபைட்டாக மாறியோ கரைந்தோ போயிருக்கும். வேகமாக வந்துமே ஆர்கைல் கற்கள் பல மூலை மழுங்கித்தான் இருக்கின்றன.

ஆனால் எல்லோரும் வைரத்தைப் பற்றியே பேசுகிறார்கள், பாறையைச் சீந்துவாரில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். எனக்கோ அந்தப் பாறை மேல்தான் கண்.

அதன் பெயர் லாம்ப்ராய்ட். என் சிலைடில் இருப்பதும் அந்த வகைதான். சாதாரண எரிமலைப் பாறையான பசால்ட்டில் பொட்டாசியம் ஆக்சைடு ஒரு சதவீதம் இருந்தாலே பெரிது. இதில் பத்தைத் தொடுவதும் உண்டு. அதே சமயம் அலுமினியமும் சோடியமும் பஞ்சம். அதனால் நாம் எந்த எரிமலைப் பாறையிலும் முதலில் தேடுகிற பிளேஜியோக்ளேஸ் என்ற கனிமம் இதில் இருக்கவே இருக்காது. அலுமினியம் கிடைக்காத குறையை, இதிலுள்ள பொட்டாசியக் கனிமங்களான லூசைட்டும் சானிடினும் இரும்பை வைத்துச் சமாளித்துக்கொள்கின்றன. சிலைடில் பார்த்தால் ஃப்ளோகோபைட் என்ற மைக்காவின் தகடுகள் வெளிர்ச் செம்பு நிறத்தில், காற்றில் சாய்ந்த புல் மாதிரி ஒரே பக்கமாகப் படுத்திருக்கின்றன. மைக்ராஸ்கோப்பில் சிலைடு வைக்கும் மேடையைத் திருப்பினால் நிறம் கூடிக் குறைகிறது. நடுநடுவே நிறமில்லாத உருண்டை லூசைட்டுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் பொடிப்பொடியான துணுக்குகள் வட்டம் கட்டி நிற்கின்றன. ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் துருவகங்கள் இரண்டையும் ஒன்றுக்கொன்று குறுக்கே வைத்தால் லூசைட் ஏறக்குறைய இருட்டாகிவிடுகிறது, ஃப்ளோகோபைட் மட்டும் வண்ணத்தில் எரிகிறது. மணி பன்னிரண்டு ஆனதே தெரியவில்லை.

இத்தனை பொட்டாசியம் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியம். கவசத்தின் அந்தப் பகுதி ஏற்கெனவே ஒருமுறை உருகி, கால்சியம், அலுமினியம், சோடியம் எல்லாம் பிழிந்தெடுக்கப்பட்ட சக்கை. அந்தச் சக்கையில் பின்னொரு காலத்தில் பொட்டாசியமும் டைட்டானியமும் பேரியமும் நீரும் கலந்த திரவங்கள் ஊறி, ஃப்ளோகோபைட் நரம்புகளாகத் தங்கிவிட்டன. பல கோடி ஆண்டு கழித்து அது மறுபடி உருகும்போது வருகிற குழம்புதான் இது. வைரத்துக்குப் பேர்போன இன்னொரு எரிமலைப் பாறையான கிம்பர்லைட்டில் கார்பன் டை ஆக்சைடு தூக்கல். இதில் நீரும் ஃபுளோரினும்தான் அதிகம்.

இன்னொன்று: லாம்ப்ராய்ட்டில் லூசைட் மிகுந்த வகையில் வைரம் அரிது, ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் மிகுந்த வகையில்தான் எதிர்பார்க்கலாம். ஆகவே என் சிலைடில் வைரம் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பேத்தியிடம் சொல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேட், ப்ரைடர் கதை. ஆர்தர் வேட் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதிக்கு எண்ணெய் தேடிப் போனவர். அவர் கொண்டுவந்த கற்களை ரெக்ஸ் ப்ரைடர் ஆராய்ந்தார். 1940-ல் இருவரும் சேர்ந்து அந்த லூசைட் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அந்தப் பாறைகளில் புதிதாகக் கிடைத்த ஒரு கனிமத்துக்கு ப்ரைடர் 'வேடைட்' என்று பெயர் வைத்தார். பிற்பாடு இன்னொன்றுக்கு மற்றவர்கள் 'ப்ரைடெரைட்' என்று வைத்தார்கள். இப்படிக் கையில் வைத்து அக்குவேறு ஆணிவேறாக அலசிய அதே வட்டாரத்துப் பாறைகளில், எல்லெண்டேலில், வைரம் இருப்பது தெரிய 1976 ஆயிற்று! வைரம் என்றால் கிம்பர்லைட் என்றே எல்லோருக்கும் மனதில் பதிந்திருந்தது. கிம்பர்லைட்டைக் காட்டிக்கொடுக்கிற சிவப்புக் கார்னெட், இல்மனைட் என்ற கனிமங்கள் லாம்ப்ராய்ட்டில் அபூர்வம். 1979-ல் ஆர்கைலைக் காட்டிக்கொடுத்தது ஸ்மோக் க்ரீக் என்ற ஓடையின் சரளையில் கிடந்த வைரங்களேதான். ஓடையை எதிர்த்து மேலே நடந்தார்கள், குழாய் கிடைத்தது. அதுவும் பழங்கண்டத்தின், அதாவது கண்டத்தின் மிகப் பழைய, அசையாத பகுதியின், நடுவே இல்லை, ஓரத்தில். பாடப்புத்தக விதிப்படி அங்கே வைரமே இருக்கக் கூடாது.

ஆர்கைலில் எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையில் மணல் நிறைய கலந்திருக்கும். குழம்பு ஏறி வந்து ஈர மணல் அடுக்கில் மோதி வெடித்ததன் அடையாளம் அது. உலகத்து இளஞ்சிவப்பு வைரங்களில் 90 சதவீதத்துக்கு மேல் அங்கிருந்துதான் வந்தன, ஆனாலும் தோண்டியதில் பெரும்பகுதி பழுப்புக் கற்கள். அந்தச் சிவப்பு ஒன்றும் அழுக்குக் கலந்த நிறமில்லை, படிகம் அழுத்தத்தில் நசுங்கியதால் வந்தது. 2020 நவம்பரில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

சிலைடைத் தபாலில் அனுப்ப மனமில்லை, கண்ணாடி நொறுங்கிவிடும். அடுத்த மாதம் நீ வரும்போது பேத்தியையும் கூட்டி வா. மேடையைத் திருப்பும் வேலையை அவளிடம் கொடுத்துவிடலாம். எனக்கு இப்போதெல்லாம் கை கொஞ்சம் நடுங்குகிறது.

அன்புடன்,
வசந்தி