அரசு மருத்துவமனைகளில் பாதம், கணுக்கால் நோய்களுக்குத் தனிப் பிரிவு அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்
(பெயரும் முகவரியும் மேலுறையில் உள்ளன)

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுகாதாரத் துறை

பொருள்: அரசு மருத்துவமனைகளில் பாதம், கணுக்கால் நோய்களுக்குத் தனிப் புறநோயாளர் பிரிவு – நோயறி கருவிகளும் அறுவையில்லாச் சிகிச்சை வசதிகளும் ஏற்படுத்தித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 31 ஆண்டுகள் கரும்பலகை முன் நின்று பாடம் நடத்தியவன் நான். ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு என் வலது குதிகாலில் வலி கண்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் நாலைந்து அடிகளில் முள் ஏறியதுபோல் குத்தும்; சிறிது நடந்தால் தணியும்; மாலையில் திரும்ப வரும். மருத்துவமனைக்குச் சென்றபோது, செருப்பைக் கழற்றச் சொல்லும் முன்பே எக்ஸ்ரே சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். படத்தில் குதிகால் எலும்பின் அடியில் சிறு கூர்முனை தெரிந்தது. அறுவை செய்து எடுத்துவிடலாம் என்றார்கள்.

அதே ஆண்டு, நெடுநாள் சர்க்கரை நோயாளியான என் தந்தையாரின் இடது பாதம் வீங்கிச் சிவந்து சூடேறியது. காய்ச்சல் இல்லை, தோலில் கீறல்கூட இல்லை. வலியும் அவ்வளவாக இல்லை என்றே அவர் சொன்னார். கிருமித் தொற்று என்று கருதி 7 வாரம் மாத்திரை கொடுத்தார்கள். காலை ஊன்றி நடக்க வேண்டாம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எட்டாவது வாரத்தில் பாதத்தின் வளைவு சரிந்து, உள்ளங்கால் படகின் அடிப்பாகம்போல் கீழ்நோக்கிப் புடைத்துவிட்டது. நரம்பு மரத்த காலில் எலும்புகளும் மூட்டுகளும் தாமே நொறுங்கும் சார்க்கோ பாதம் அது என்பதை வேறோர் ஊர் மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம்.

எனக்குத் தேவைப்படாத சோதனை நடந்தது. அவருக்குத் தேவைப்பட்ட சோதனை நடக்கவில்லை. எந்த மருத்துவர் மீதும் எனக்கு மனத்தாங்கல் இல்லை. வாசல்வரை நிற்கும் வரிசையைப் பார்த்தவன் நான். ஒரு பாதத்தில் மட்டும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்க, அதைப் பார்ப்பதற்கென்று ஓர் அறையும் ஒரு நாளும் ஒதுக்கப்படாததே குறை என்பது என் பணிவான கருத்து.

என் குதிகாலை எடுத்துக்கொண்டால், படத்தில் தெரிந்த அந்தக் கூர்முனை வலியே இல்லாத பலருக்கும் இருப்பதுதான். வலிக்குக் காரணம், குதிகாலிலிருந்து விரல்கள்வரை உள்ளங்காலைத் தாங்கி ஓடும் தடித்த திசுப்பட்டை. அது எக்ஸ்ரேயில் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும். அதன் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகிக்கலாம். உண்மையில், அனுபவமுள்ள கை குதிகாலின் உட்புறத்தில் அழுத்திப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். கட்டிலை விட்டு இறங்குமுன் கால்விரல்களைக் கையால் முன்னங்காலை நோக்கி இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்திருக்கும் பயிற்சியை இயன்முறை மருத்துவர் ஒருவர் எனக்குக் கற்றுத் தந்தார். அதனுடன் கெண்டைத் தசைப் பயிற்சியும் குதிகாலுக்கு மெத்தென்ற அட்டையுமாக, ஏழே மாதங்களில் கத்தி படாமல் குணமானேன். இவ்வலி கண்டவர்களில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இவ்வாறே தேறுகின்றனர். ஆறு மாதம் பயின்றும் தேறாதவர்களுக்கு அதிர்வலைச் சிகிச்சை இருக்கிறது. 1980ஆம் ஆண்டு மியூனிக் நகரில் சிறுநீரகக் கல்லை உடைக்க முதன்முதலில் பயன்பட்ட முறையிலிருந்து கிளைத்தது அது. மாறாக, கைக்கு எளிது என்று ஸ்டீராய்டு ஊசியையே திரும்பத் திரும்பப் போட்டால், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேய்வதும் திசுப்பட்டை கிழிவதும் நேரக்கூடும்.

கணுக்கால் சுளுக்குக்கும் இதே கதைதான். யாருக்கு எக்ஸ்ரே தேவை என்பதை விரல்களாலேயே முடிவு செய்ய, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் ஒரு விதி வகுத்தார்கள். கணுக்கால் வலியோடு வருபவருக்கு, இருபுறக் கணுக்கால் எலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ எலும்பை அழுத்தினால் வலித்தாலும், அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலும் படம் எடுக்க வேண்டும், இல்லையேல் வேண்டியதில்லை. பாதத்தின் நடுப்பகுதிக்கும் இதுபோல் இரண்டு இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. (கணக்கு வாத்தியாருக்கு இத்தகைய விதி பிடித்துப்போவதில் வியப்பில்லை.) ஆனால் இவ்விதி வலியை நம்பி நிற்பது. வலி உணராத காலுக்கு இது செல்லாது என்பதையும், இவ்விதியை எழுதி ஒட்டும் சுவரொட்டியில் அதே அளவு எழுத்தில் எழுத வேண்டும்.

வலி உணராத கால்தான் இம்மனுவின் உயிர்நிலை. அத்தகைய காலைக் கண்டறிய 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றும், நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவை ஒன்றும் போதும். நோயாளி கண்ணை மூடியிருக்க, இழை தொட்டதை அவரால் சொல்ல முடிகிறதா என்று செவிலியரே பார்த்துவிடலாம். இரத்த ஓட்டத்துக்கு, கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுக்க வேண்டும், ஈவு 0.9 அல்லது அதற்குக் கீழ் வந்தால் கால் தமனி அடைபட்டிருக்கிறது என்று பொருள். சர்க்கரை நோயாளிகளின் தமனியில் சுண்ணாம்பு படிந்து ஈவு பொய்யாக உயர்வதுண்டு என்பதால், அவர்களுக்குக் கால்விரல் அழுத்தத்தையும் பார்ப்பது நல்லது. தோலின் சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் இரு பாதங்களிலும் ஒரே இடத்தை ஒப்பிட்டு, 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் வேறுபாடு தொடர்ந்தால் அபாயம் என்று கொள்ளலாம். என் தந்தையாரின் காலில் அந்த வேறுபாடு தொட்டாலே தெரிந்தது. யாரும் தொடவில்லை.

சார்க்கோ பாதத்தின் தொடக்கத்தில் எக்ஸ்ரே குறையின்றியே தோன்றலாம். எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதை எம்.ஆர்.ஐ.தான் காட்டும். எனவே, சர்க்கரை நோயாளியின் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், வேறு நோய் என்று உறுதியாகும்வரை அதைச் சார்க்கோ பாதமாகவே கருதி, அன்றே ஊன்றாமல் இருக்கச் செய்து, விரைவில் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்ப வேண்டும் என்று எழுத்து மூலமான ஆணை பிறப்பிக்க வேண்டுகிறேன். சிகிச்சை, பாதத்தின் எல்லா இடத்திலும் ஒட்டிப் படிந்து பாரத்தைப் பகிரும் முழுத்தொடு மாவுக்கட்டு. உணர்வற்ற காலின் உள்ளங்கால் புண்ணை ஆற்றுவதும் அதுவே. தொழுநோயாளிகளின் புண்ணுக்குக் காரணம் சதை அழுகுவதன்று, வலி தெரியாமல் மிதித்து நடப்பதே என்று எடுத்துக்காட்டிய மருத்துவர் பால் பிராண்ட் வழியில் பரவிய முறை இது. மாவுக்கட்டு அறை எல்லா மருத்துவமனையிலும் உண்டு. இந்தக் கட்டைப் போடத் தெரிந்த கைதான் இல்லை. இரத்த ஓட்டம் மிகக் குன்றிய காலுக்கும் கடும் தொற்றுள்ள காலுக்கும் இதைப் போடக்கூடாது என்பதால், பயிற்சி முறையாக நடக்க வேண்டும்.

பிறவி வளைபாதமும் இதே அறையில்தான் நேராகிறது. ஏறத்தாழ 1000 பிறப்புகளுக்கு ஒன்று எனக் காணப்படும் இக்குறையைப் பொன்செட்டி முறையில் வாரம் ஒரு கட்டாக ஐந்தாறு கட்டுகளில் திருத்திவிடுகிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிநாணில் சிறு வெட்டு மட்டும் தேவைப்படும். அதன்பின் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு சுமார் 4 வயதுவரை உறங்கும்போதும் காலணிப் பட்டை அணிய வேண்டும். அதை விட்டால் பாதம் மீண்டும் வளையும். ஆகவே பட்டையை இலவசமாகத் தருவதோடு, வராத பெற்றோரை அழைத்து விசாரிக்க ஓர் ஊழியரும் வேண்டும்.

மேற்கண்டவற்றை முன்னிட்டு, ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் வாரம் ஒரு நாள் பாதப் பிரிவு இயங்கவும், அங்கு மேற்சொன்ன சிறு கருவிகளும், தசைநாண்களைப் பார்க்கப் பழகிய அல்ட்ராசவுண்ட் வசதியும், இயன்முறை மருத்துவரும், அளவெடுத்துக் காலணி செய்பவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். உணர்வு குன்றாத சர்க்கரை நோயாளியை ஆண்டுக்கொரு முறையும், முன்பு புண் வந்து ஆறியவரை 1 முதல் 3 மாதத்துக்கொரு முறையும் அழைக்கும் பதிவேடு தேவை. நின்ற நிலையில் பாதத்தைப் படமெடுக்கும் சி.டி. கருவி சிறந்ததுதான், ஆயினும் அது பிறகு வரட்டும். இப்போதுள்ள எக்ஸ்ரே அறையிலேயே நோயாளியை நிற்கவைத்துப் படம் எடுத்தால், படுத்த நிலையில் மறைந்துபோகும் நடுப்பாத மூட்டு விலகல்கள் சில அகப்படும். பெரிய இயந்திரத்துக்குத் திறப்பு விழா உண்டு. நைலான் இழைக்கு யாரும் ரிப்பன் வெட்டப் போவதில்லை. இருந்தும், முதலில் அதையே வாங்குமாறு வேண்டுகிறேன்.

என் தந்தையார் இப்போது தனியாகச் செய்த காலணியுடன் வீட்டுக்குள் நடமாடுகிறார். தினமும் காலையில் அவருடைய இரு பாதங்களின் சூட்டையும் ஆறு இடங்களில் அளந்து குறித்து வருகிறேன். தாங்களோ தங்கள் அலுவலகத்தின் மருத்துவ அலுவலரோ பார்வையிட, அக்குறிப்பேட்டை நேரில் கொண்டுவரவும் ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: எங்கள் இருவரின் எக்ஸ்ரே நகல்கள், தந்தையாரின் முதல் 7 வார மருந்துச் சீட்டுகள், வெப்பக் குறிப்பேட்டின் கடந்த மூன்று மாதப் பக்கங்கள்.